ஓரகத்தி கொடுத்த வலி மாத்திரை

பிரசவத்துக்குப் பின் வந்த மனச்சோர்வுக்கு ஒரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டில் சத்து மாத்திரை என்று சொல்லியிருந்தேன். போன மாதம் திருப்புலிவனத்தில் நடவு முடிந்து, இடுப்பு வலியில் படுத்துவிட்டேன்.

"ஆபரேசன் பண்ணப்போ எனக்குக் குடுத்தது அக்கா, போட்டுக்கோ" என்று ஓரகத்தி இரண்டு வலி மாத்திரை கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டியது, கால்கள் தாமாகவே உதறின. குளிர் ஜுரம் என்று கம்பளி போர்த்தினார்கள். உடம்பு இன்னும் கொதித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டார்.

"சத்து மாத்திரதான் சார் துன்னுக்கினு கீறா" என்றார் மாமியார். அவர் எதிரிலேயே உண்மையைச் சொன்னேன்.

"நல்லவேளை சொன்னீங்க. அதுவும் வலி மாத்திரையும் சேர்ந்து மூளையில செரோடோனின்ங்கற ரசாயனத்தை அளவுக்கு மேல ஏத்திடுச்சு. அதை வாங்கிக்கிற ஏற்பிகள்தான் மனசு, உடம்புச் சூடு, கைகால் அசைவு எல்லாத்தையும் பாத்துக்குது."

என் அழுகையை நிறுத்தியதும் காலை உதறவைத்ததும் ஒரே பொருளா! கண்ணுக்குத் தெரியாத அதற்குள் இத்தனை வேலையா என்று மலைத்துப்போனேன்.

இப்போது மாத்திரை அட்டையைக் காட்டாமல் இன்னொரு மாத்திரை வாங்குவதில்லை. நான் பையைத் திறப்பதற்குள் மாமியாரே மருந்துக்கடையில் சொல்லிவிடுகிறார்: "இவ மனசுக்கு மாத்திர துன்னுக்கினு கீறா, பாத்துக் குடுப்பா!"