வேலை இருந்தால் பரவாயில்லை

பஸ்ஸில் காலை மிதித்தவன் மன்னிப்புக் கேட்கும் முன்பே "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிடுகிற ரகம் அவள். குடையை இரவல் வாங்கிப்போய்த் தொலைத்தவளுக்கும் அதே பதில்தான். தெருவில் அவளுக்கு 'பரவாயில்லக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும் உயிரோடு இருந்தது.

வேலை ஒரு வெளிநாட்டுக் கப்பல் கம்பெனியில். கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைக்க வேண்டாம். படுக்கையறை மூலையில் ஒரு லேப்டாப், பின்னால் துணிக்கொடி கேமராவில் தெரியாமலிருக்க ஒரு போர்வை, அவ்வளவுதான் கம்பெனி. போட்டோவில் கண்டெய்னர் மேல் இருக்கிற எண்ணும் சரக்குச் சீட்டில் இருக்கிற எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நாலு நாட்டில் ஆறு பேர், ஒரே சாட் குரூப். மேனேஜர் ஏதோ குளிர்தேசத்துக்காரர், தன் கேமராவைப் போட்டதே இல்லை. என்ன எழுதினாலும் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தைத் தூக்கிப் போடுவார். அக்காவின் மகள் அவருக்கு 'கட்டைவிரல்' என்றே பெயர் சூட்டிவிட்டாள்.

லாரிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிற அண்ணன், ஆறு மணி நேர பஸ் தூரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இந்த வாரம் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதை அண்ணி திங்கட்கிழமை போனில் அழுதுகொண்டே சொன்னாள். பாதியில் அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"எப்ப வர்ற?"

"லீவு கேக்கறேண்ணே."

"நான் போய்ச் சேரணும்னாலும் உங்க கட்டைவிரல்கிட்டதான் எழுதிக் குடுக்கணுமா?"

"வாயக் கழுவுண்ணே!"

"கழுவத் தண்ணி எடுத்துக் குடுக்கவாவது வா."

அக்கா லேப்டாப் முன் உட்கார்ந்தாள். 'அண்ணன் பிழைப்பது சந்தேகம், நான் இன்றே போக வேண்டும்' என்று தட்டினாள். அழித்தாள். சாவை எழுத்தில் கொண்டுவருவதா, அதுவும் முன்பின் முகம் பழகாத மனிதரிடம்? கடைசியில் போனது இதுதான்: 'அண்ணனுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை. இந்த வாரம் லீவு கிடைத்தால் நல்லது. வேலை இருந்தால் பரவாயில்லை.'

நாலே நிமிஷத்தில் பதில் வந்தது. 'சொன்னதற்கு நன்றி. வியாழக்கிழமை மீட்டிங்குக்கு நீங்கள் அவசியம் தேவை. அதன் பிறகு லீவு எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் சீக்கிரம் குணமாகட்டும்.' கூடவே கட்டைவிரல்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்கு வருகிறவர்கள் சாப்பாடு வேண்டாம், பரவாயில்லை என்பார்கள். அவள் அதைக் காதில் வாங்காமல் தட்டை வைப்பாள், அவர்களும் சாப்பிடுவார்கள். இவரும் அப்படி இன்னொரு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தாள். செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று.

"நேரா இன்னொரு தடவ கேளேம்மா," என்றாள் மகள்.

"இல்லன்னவர்கிட்ட மறுபடி போய்க் கையேந்தச் சொல்றியா? மனுஷனா இருந்தா அவருக்கே தோணணும்டி."

வியாழக்கிழமை மத்தியானம் மீட்டிங். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மேஜை மேல் கவிழ்த்து வைத்த போன் உறுமிக்கொண்டே நகர்ந்தது. அக்கா எண்களைப் படித்துக்கொண்டே இடது கையால் அதை அமுக்கிப் பிடித்தாள். ஆறு தடவை. எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் எடுத்துப் பார்த்தாள். ஆறும் அண்ணி. திரும்பக் கூப்பிட்டபோது அண்ணியால் பேச முடியவில்லை.

இந்தத் தடவை அக்கா சுற்றி வளைக்கவில்லை. 'அண்ணன் இறந்துவிட்டார். போகிறேன்.' ஒரு நிமிஷத்துக்குள் மேனேஜர் வீடியோவில் வந்தார். கட்டைவிரலுக்குப் பின்னால் இருந்தது ஒரு வழுக்கைத்தலை மனிதர், கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு மோசம் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பேனே. மீட்டிங்கையே தள்ளிவைத்திருப்பேன். ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேன் சார்."

அவர் அந்தச் செய்தியைத் தேடியெடுத்து மெதுவாக, வாய்விட்டுப் படித்தார். குற்றம் கண்டுபிடிக்கிற குரல் இல்லை. எதைத் தவறவிட்டோம் என்று தேடுகிற குரல். அக்காவும் கூடவே கேட்டாள். அவள் சொன்னதாக நினைத்திருந்த எதுவும் அதில் இல்லை. இந்த மனுஷன் கொஞ்சம் கெட்டவனாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு.

ராத்திரி வெகு நேரம் கழித்து மகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அண்ணி அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"வாசலையே பாத்துக்கிட்டுக் கிடந்தாரே! உனக்கு லீவு விடலையா?"

அக்கா மகள் பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

"கேட்டேன் அண்ணி... விடல."

"அவனெல்லாம் மனுஷனா? கூடப் பொறந்தவன் முகத்தப் பாக்க விடாத பாவி! அவன் நல்லா இருப்பானா? அவனுக்கும் இப்படி ஒரு நாள் வராதா?"

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா அவள் கையை நெரித்துப் பிடித்துக்கொண்டாள். முகம் தெரியாத அந்த ஆளை அண்ணி திட்டித் தீர்க்கும்வரை குனிந்த தலை நிமிராமல், ஒரு வார்த்தை விடாமல், தனக்கென்றே வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.