எரிமலைப் பனியில் நான் முன்னால் நடந்தேன்

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னில், ஸ்பிரிங்வேலில் ஒரு சின்ன வாடகை வீட்டில் நானும் கணவரும் குடியிருந்தோம். எனக்கு இதய வால்வைச் சரிசெய்யும் சத்திரசிகிச்சை நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இனி நீங்களும் மற்றவர்களைப் போலத்தான், எங்கேயும் போகலாம், மலையும் ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் கணவர்தான் நம்பவில்லை. அரிசிப் பையைத் தூக்க விடமாட்டார். ரயில் நிலையப் படியில் கொஞ்சம் வேகமாக ஏறினால் பின்னாலிருந்து "மெதுவா, மெதுவா" என்று குரல் வரும். அன்புதான். ஆனால் அந்த அன்புக்குள் நான் எப்போதும் நோயாளியாகவே இருந்தேன்.

அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நியூசிலாந்து போனோம். ருவாப்பேஹு என்ற எரிமலையின் அடிவாரத்தில் தங்கினோம். அதன் வாயில் ஒரு சுடுநீர் ஏரி இருக்கிறது, சுற்றிலும் பனியாறுகள் என்று விடுதியில் சொன்னார்கள். நெருப்பும் பனியும் ஒரே இடத்திலா! பார்க்காமல் திரும்புவதில்லை என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

"இஞ்சை பாரும், உமக்கு உது சரிவராது. கீழை நிண்டு பார்ப்பம்" என்றார் கணவர்.

"டாக்டரே ஓம் எண்டு சொல்லிப்போட்டார். நான் போறன். விருப்பமெண்டால் நீங்களும் வாங்கோ."

என்னைக் கவனித்துக்கொள்ளவென்றே அவரும் வந்தார்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவள் நடுத்தர வயதுப் பெண். என் சத்திரசிகிச்சையைப் பற்றி மறைக்காமல் சொன்னேன். மூச்சு வாங்கினால் உடனே சொல்ல வேண்டும், வெட்கப்படக் கூடாது என்றாள். பனி தொடங்கிய இடத்தில் காலில் போட்டிருந்த சப்பாத்தில் இரும்பு முட்களைக் கட்டி, மூவரையும் ஒரே கயிற்றில் பிணைத்தாள். முன்னால் அவள், நடுவில் கணவர், கடைசியில் நான்.

பனியாறு என்றால் வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது அழுக்காக, காயம்பட்டுக் கிடந்தது. வெட்டுப்பட்ட பனிச்சுவரில் கறுப்புக் கோடுகள். ஒவ்வொரு கோடும் எரிமலை ஒருமுறை கக்கிய சாம்பல் என்றாள் அவள். ஏரி கொதித்துக் கரையை உடைக்கும்போதெல்லாம் சேறும் சுடுநீரும் வெள்ளமாய்ப் பாய்ந்து பனியைக் கிழித்துக்கொண்டு போகுமாம். அப்படிக் கிழித்த வாய்க்கால்களைக் காட்டினாள். ஓரிடத்தில் ஆறு பனிக்கு அடியிலேயே குகை குடைந்திருந்தது. அதன் இரைச்சல் காலுக்குக் கீழே கேட்டது.

அந்தக் குகையின் கூரை இடிந்திருந்த பள்ளத்தை ஒட்டி ஒடுக்கமான சரிவு ஒன்று. அதைக் கடந்தால் உச்சி. பாதி வழியில் கணவர் நின்றுவிட்டார். பள்ளத்தைப் பார்த்துவிட்டார் போல. என்னால் ஏலாது என்றார். ஒருவர் நின்றால் எல்லோரும் திரும்ப வேண்டியதுதான் என்றாள் வழிகாட்டி. மேகமும் இறங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை தூரம் வந்து திரும்புவதா?

"என்னை முன்னுக்கு விடுங்கோ" என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நான் முன்னால், அவர் நடுவில், தான் கடைசியில் என்று கயிற்றை மாற்றிக் கட்டினாள். "என்ரை சப்பாத்தை மட்டும் பாருங்கோ. அங்காலை பார்க்க வேண்டாம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு அடி எடுத்து வைத்தேன்.

"வீட்டை போன உடனை என்ன சமைப்பம்?" என்று பேச்சை மாற்றினேன்.

"என்னத்தையெண்டாலும் சமையும்!"

"இல்லை, சொல்லுங்கோ."

"புட்டு."

"கறி?"

இரும்பு முள் பனியில் குத்தும் சத்தம் எனக்குப் பின்னால் கேட்டது. "நண்டு... நல்ல உறைப்பா" என்று அவர் சொன்னபோது சரிவைக் கடந்திருந்தோம்.

உச்சியில் ஏரி சாம்பல் பச்சையாய் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கந்தக மணம் மூக்கை அடைத்தது. நான் கையுறையைக் கழற்றிப் பனியைத் தொட்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. அந்த அடியைக் கேட்டு முதல் முறையாக நான் பயப்படவில்லை. வாய்விட்டுக் கத்தினேன். கத்தியது என்ன சொல் என்றுகூட நினைவில்லை.

கணவர் பனியிலேயே குந்திவிட்டார். சிரிப்பும் மூச்சிரைப்புமாக, "நீரல்லோ என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீர்" என்றார். இறங்கும்போதும் நான்தான் முன்னால். ஒருமுறைகூட அவர் மெதுவா என்று சொல்லவில்லை.

டாக்டர்கள் என் இதயத்தைச் சரிசெய்து தந்தார்கள். அதை நம்பி வாழ நான் பழகியது அந்தக் காயம்பட்ட பனியின் மேல்தான்.