ஓடிக்கொண்டிருந்த நீள முள்

1968 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை தூறலாகக் குறைந்திருந்தது. மூடுபனி ஜன்னல் வரைக்கும் வந்து நின்றதால் எதிரே இருந்த சில்வர் ஓக் மரங்கள் தெரியவில்லை. கட்டபெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் குவார்ட்டர்ஸ். அப்பா ராத்திரி வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, பீரோவைத் திறந்து கைக்கடிகாரத்தைச் சாவி கொடுக்க எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நிற்க வேண்டிய நீள முள் ஓடிக்கொண்டிருந்தது.

தேதியும் மணியும் எனக்கு எப்படித் தெரியும் என்று சந்தேகப்பட வேண்டாம். அப்பா அன்று அதைப் பலமுறை சொன்னார். அதற்கப்புறம் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்தக் கடிகாரம், சீமைக்குத் திரும்பிப் போன துரை அப்பாவுக்குக் கொடுத்தது. அப்பா எஸ்டேட் பாக்டரியில் இலை தூளாகும் வரைக்கும் மேற்பார்க்கும் டீ மேக்கர். கடிகாரத்தின் முகத்துக்குள் இரண்டு குட்டி வட்டங்கள், பக்கவாட்டில் சாவி கொடுக்கும் திருகுக்கு மேலும் கீழும் இரண்டு பொத்தான்கள். மேல் பொத்தானை அழுத்தினால் நடுவில் பன்னிரண்டைக் காட்டி நிற்கும் நீள முள் ஓடத் தொடங்கும். மறுபடி அழுத்தினால் நிற்கும். நின்ற பிறகு கீழ்ப் பொத்தானை அழுத்தினால் துள்ளிப் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஓட்டப் பந்தயத்துக்கு நேரம் பார்க்க வசதி. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் ஓடக்கூடாது, முள் உள்பட.

ஏனென்றால் குன்னூரில் கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒருவர், அந்த முள்ளை ஓட விட்டால் உள்ளே சக்கரங்கள் உரசித் தேய்ந்துவிடும் என்று சொல்லியிருந்தார். ஊட்டியில் இன்னொருவர், ஓட்டாமல் வைத்தால்தான் எண்ணெய் இறுகிக் கெட்டுப்போகும், எப்போதும் ஓட விடுங்கள் என்றார். இருவரில் ஒருவர் ரிப்பேருக்கு அடிபோடுகிறார் என்று அப்பா முடிவு செய்தார். எவர் என்பது மட்டும் கடைசிவரை அவருக்குத் தெளியவில்லை. கடிகாரத்தைத் திறந்தால் உள்ளே சக்கரங்களைத் தாங்கும் நல்ல கல்லை எடுத்துக்கொண்டு மட்டமானதை வைத்துவிடுவார்கள் என்ற பயமும் இருந்ததால், அதைத் திறக்கவே விடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜையன்று, சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டிய பிறகு, நாங்கள் எல்லோரும் சுற்றி நிற்க ஒரே ஒரு நிமிடம் நீள முள்ளை ஓட விடுவார். ஒரு சுற்று முடிந்ததும் நிறுத்திவிடுவார். நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வோம்.

பாக்டரியில் தேயிலைத் தூசி புகுந்துவிடும் என்று அங்கே கட்டிக்கொண்டும் போகமாட்டார். கடிகாரம் பீரோவில் இருக்கும். பீரோச் சாவி பீரோவிலேயே தொங்கும். சமையலறையில் ஒரு டைம்பீஸ் உண்டு. அதற்கு நொடி முள் கிடையாது.

யாரோ முள்ளை ஓட்டுகிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே அப்பாவுக்குச் சந்தேகம். காலை ரேடியோச் செய்தியோடு ஒத்துப் பார்த்தால் கடிகாரம் பின்தங்கியது. இப்போது கையும் களவுமாக முள் அகப்பட்டது, ஆள் மட்டும் அகப்படவில்லை.

வீட்டில் அப்பாவைத் தவிர மூன்று பேர். அம்மா, நான், அம்மாவின் தம்பியான சின்ன மாமா. மாமா காரமடையிலிருந்து வேலை தேடி மேலே வந்தவர். தற்காலிகமாக இலை நிறுக்கும் இடத்தில் இருந்தார். பாக்டரியில் அவரை நிரந்தரமாக எடுப்பதாகப் பேச்சு. அடுத்த வாரம் அப்பா மேனேஜரிடம் கூட்டிப்போவதாக இருந்தது. அதற்காக மாமா ஒரு வெள்ளைச் சட்டை தைத்து, அதைத் தினமும் எடுத்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

என் சந்தேகமும் மாமா மேல்தான். அவர் கட்டபெட்டு கடைவீதியில் நண்பர்களோடு நிற்பவர், பந்து விளையாடுபவர், முன்மயிரைச் சுருட்டி விட்டுக்கொள்பவர். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போய்க் காட்டக்கூடிய ஆள். அம்மாவை யாரும் சந்தேகிக்கவில்லை. அவளுக்கு மணி பார்ப்பதே தடுமாற்றம். மத்தியானம் அப்பா ராத்திரி வேலைக் களைப்பில் தூங்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து உதடுகளை அசைத்துக்கொண்டிருப்பாள். ஒரு சனிக்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு கை முந்தானைக்குள் இருந்தது. கண் அப்பாவின் மார்பிலேயே இருந்தது. முருகன் பேரைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதெல்லாம் வாசலில் நான் பந்தைத் தட்டினால்கூட ஓடிவந்து பிடுங்கிக்கொள்வாள்.

அப்பா ஒரு சோதனை வைத்தார். மூன்று பேரையும் கூடத்தில் நிறுத்தி, ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தை நீட்டி, “இதை நிறுத்துங்க பாக்கலாம்” என்றார். வாய் பொய் சொல்லும், கட்டைவிரல் சொல்லாது என்பது அவர் கணக்கு. பழகின விரல் யோசிக்காமல் சரியான பொத்தானுக்குப் போகும்.

முதலில் நான். பயத்தில் கீழ்ப் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. அப்பா என்னை விட்டுவிட்டார்.

அடுத்தது அம்மா. கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவள் கட்டைவிரல் நேராக மேல் பொத்தானுக்குப் போனதை நான் பார்த்தேன். அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு இறங்கி, சாவித் திருகைப் பிடித்து அழுத்தியது. “எனக்கென்னுங்க தெரியும்” என்றாள். பாவம், அம்மாவுக்குப் பதற்றம் என்று எனக்குத் தோன்றியது.

மாமா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரம் அவரிடம் வந்ததும் மேல் பொத்தானை ஒரே அழுத்து. முள் நின்றது.

“நாந்தானுங்க மாமா” என்றார் அப்பாவிடம். “நேத்து எடுத்துப் பாத்தனுங்க. நிறுத்த மறந்துட்டேன்.”

“எத்தன நாளா, மாப்ள?”

“கொஞ்ச நாளாத்தானுங்க.”

அப்பா கத்தவில்லை. ஒரு முள்ளை நிறுத்த மறந்தவன் பாக்டரியில் எந்த மிஷினை நிறுத்த மறப்பானோ, அவனுக்காக நான் எப்படி வாய் திறந்து பேசுவது என்று மட்டும் கேட்டார். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். மறுநாள் காலை பஸ்ஸில் மாமா மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினார். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போனார். அதற்கப்புறம் கோவையில் ஒரு பஞ்சு மில்லில் காலத்தை ஓட்டினார். அதே திங்கட்கிழமை அப்பா பீரோவைப் பூட்டி, சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார். தூங்கும்போதும் அவிழ்க்கவில்லை.

ஆகஸ்டில், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், அப்பாவுக்கு மூச்சுத் திணறி, எஸ்டேட் லாரியில் குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரொம்ப நாள் விட்டுவிட்டீர்கள் என்றார்கள். அப்பா திரும்பி வரவில்லை. அவர் இடுப்பிலிருந்து அவிழ்த்த சாவியை ஆஸ்பத்திரியில் என் கையில் கொடுத்தார்கள்.

போன வருஷம் அந்தக் கடிகாரம் அடியோடு நின்றது. கோவையில் ஒரு கடையில் கொடுத்தேன். திறந்ததும் உள்ளே இருந்த ஒவ்வொரு சாமானையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். திரும்ப மூடும் முன்பு ஒத்துப் பார்த்தேன். கடைக்காரர் பொறுமைசாலி. நீள முள்ளை ஓட விட்டால் தேயுமா என்று கேட்டேன். ஓடும் சக்கரம் கொஞ்சம் தேயத்தான் செய்யும், எந்நேரமும் ஓட விட்டால் சுமையும் கூடும், ஆனால் அது பல வருஷக் கணக்கு, ஒரு ராத்திரியில் ஒன்றும் ஆகாது என்றார். இதில் தேய்மானமே இல்லை. எண்ணெய்தான் காய்ந்து பிசினாகிவிட்டது, அப்பா காலத்தில் பின்தங்கினதும் அதனால்தான்.

நேராக சிங்காநல்லூருக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். நீங்கள் ஓட்டியதால் கடிகாரம் கெடவில்லை, அப்பா உங்களை அனுப்பியது வீண் என்றேன். எழுபத்தேழு வயதில் அவருக்கு நல்ல தீர்ப்பு கொண்டுவந்த பெருமை எனக்கு.

மாமா சிரித்தார். “நீயும் உங்கொப்பன் மாதிரியே விசாரணை வெக்கிறியே. அன்னைக்கு முன்னால நான் அதைத் தொட்டதே இல்லடா. பொத்தான் எதுன்னு ஆயுத பூஜையில பாத்ததுதான்.”

“பின்ன யாரு?”

“உங்கம்மா.”

அம்மா அப்போதே தம்பியிடம் மட்டும் சொல்லிவைத்திருந்தாளாம். அவர் சொன்னது இதுதான். எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர் அப்பாவின் மூச்சைக் கேட்டுவிட்டு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். அப்பா தூங்கும்போது, அவருக்குத் தெரியாமல், நீள முள் ஒரு சுற்று வருவதற்குள் எத்தனை மூச்சு என்று எண்ணச் சொல்லியிருக்கிறார். தெரிந்தால் மூச்சு மாறிவிடும். முப்பதைத் தாண்டினால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் குன்னூருக்குக் கொண்டுபோக வேண்டும். அப்பாவிடம் சொல்லியிருந்தால், தன்னை வேலையைவிட்டு அனுப்ப எஸ்டேட் ஆபீஸே கம்பவுண்டரைப் பிடித்துச் சதி செய்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார். டாக்டர் பக்கமே போயிருக்க மாட்டார். முள் அகப்பட்டதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, அப்பா திடீரென்று புரண்டு எழுந்ததால், அம்மா முள்ளை நிறுத்தாமலே பீரோவில் போட்டுவிட்டாள். அன்றைக்கு எண்ணிக்கை இருபத்தாறு.

அப்பா, அம்மா இரண்டு பேரும் உயிரோடு இல்லாதபோது மாமா எதையும் சொல்லலாமே என்று எனக்கு ஒரு சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் மேல் பொத்தானில் போய் நின்று இறங்கிய கட்டைவிரலை நான் பார்த்திருக்கிறேன்.

“அப்புறமும் அம்மா எண்ணினாங்களா?” என்று கேட்டேன்.

“சாவி அவர் இடுப்புக்குப் போன பொறகு அக்கா எதை வெச்சுடா எண்ணுவா?” என்றார் மாமா.

கடிகாரம் இப்போது என் மேசைமேல் சரியாக ஓடுகிறது. சர்வீஸ், இரண்டு தடவை போய்வந்த பஸ் கட்டணம், மாமாவுக்கு வாங்கிய ஆரஞ்சு எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு ஒன்பதாயிரத்து நூற்று அறுபது ரூபாய்.