இடப்பக்கக் கதவின் கைப்பிடி

மனைவியைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டு டீ குடித்தவன் என்ற பெயர் போடிமெட்டில் எனக்கு நிலைத்துவிட்டது.

பூட்டவில்லை ஐயா, மறந்துவிட்டேன்! இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா இல்லையா? உண்டு என்று நான் சொல்கிறேன். இல்லை என்று ஈஸ்வரி சொல்கிறாள்.

எங்கள் பழைய காரில் இடப்பக்க முன்கதவின் உள் கைப்பிடி உடைந்து பத்து நாளாகியிருந்தது. உள்ளே இருப்பவர் திறக்க முடியாது. நான் இறங்கி, சுற்றி வந்து, வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். முதல் இரண்டு நாள் ஈஸ்வரிக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கும்போது கொஞ்சம் மெதுவாகவே இறங்கினாள். மூன்றாம் நாள் அலுத்துவிட்டது.

புதன்கிழமை தோறும் நாங்கள் போடியிலிருந்து மலையேறுவோம். மெட்டைத் தாண்டி, கேரளப் பக்கத்தில், அவளுக்கு இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். அவள் அப்பா கொடுத்தது. பத்திரம் அவள் பெயரில், முடிவு அவள் வாயில். நான் அங்கே டிரைவர் மட்டும்தான்.

அந்தப் புதன் மெட்டில், எல்லைச் செக்போஸ்ட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். நல்ல குளிர். டீக்கடையில் தெரிந்த ஜீப் டிரைவர் ஒருவர் "மாப்ளே!" என்று கையாட்டினார். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். ஒரு டீ... ஒரு பேச்சு... இன்னொரு டீ. பின்னால் ஒரு ஹாரன் அடித்தது. யாரோ அவசரக்காரன் என்றேன். மறுபடியும் அடித்தது. இன்னும் நீளமாக.

ஜீப் டிரைவர்தான் எட்டிப் பார்த்தார். "மாப்ளே, அது ஒங்க காரு. உள்ள தங்கச்சி இருக்கு."

ஓடினேன். சாவி என்னிடம் இருந்ததால் கண்ணாடியை இறக்கவும் முடியாமல் உள்ளே ஈஸ்வரி. கதவைத் திறந்தேன்.

"என்னைய என்ன லோடுன்னு நெனச்சீகளா? வந்து தொறந்து எறக்குறதுக்கு?"

"டிரைவர் சீட்டுப் பக்கமாத் தாண்டி வந்திருக்கலாம்ல ஈஸ்வரி?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதிரே இருந்த மூடுபனியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "வர்ற பொதனுக்குள்ள இந்தக் கதவு உள்ளருந்து தொறக்கணும். இல்லைன்னா நான் ட்ரிப் ஜீப்புல போய்க்கிறேன். நீங்க நிம்மதியா டீ குடிங்க."

ஜீப்காரர் விடுவாரா? "எங்க ஜீப்புல கதவே கெடையாது மாப்ளே. கதவுன்னு ஒண்ணு இருந்தாத்தான கைப்பிடி ஒடையும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ட்ரிப் ஜீப்பில் அவள் போவதா? தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் உள்ளே பாதி, வெளியே பாதியாகத் தொங்குவார்கள். அதில் ஏறி அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் இவள்! அது கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகளுக்குத் தெரிந்தால் தீர்ந்தது. ஏற்கெனவே ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுட்டு ரெண்டு பேரும் இங்க வாங்க. இந்த வயசுல எதுக்கும்மா வாராவாரம் மலை?" ஈஸ்வரி ஒவ்வொரு முறையும் போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஆக, எனக்கு ஒரு வாரம் இருந்தது. ஒரு கைப்பிடி தேவை.

தேனியில் ஒரு ஷோரூமுக்குப் போனேன். ஏ.சி., தண்ணீர் பாட்டில், மரியாதை, எல்லாம் குறைவில்லை. கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு அந்தத் தம்பி சொன்னார்: "கைப்பிடி தனியா வராது சார். உள்பக்கத்து டோர் பேடு மொத்தமாத்தான் வரும். ஆர்டர் போட்டா ரெண்டு வாரம்."

விலையைச் சொன்னார். கதவுக்குச் சொல்கிறாரா, காருக்கே சொல்கிறாரா என்று ஒரு கணம் குழம்பிப் போனேன். ஆள்காட்டி விரல் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு, வீட்டில் ஒருவர் நடமாட்டத்தையே நிறுத்திவைக்கும் என்று யார் நினைத்தார்கள்?

சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். உடைந்த கைப்பிடிக்குப் பின்னால் கதவைத் திறக்கும் இரும்புக் கம்பி ஒன்று எட்டிப் பார்க்கும். அதில் சாக்கு தைக்கும் சணல் நூலைக் கட்டி வெளியே நீட்டிவிட்டேன். இழுத்தால் திறக்கும். எளிமை! ஈஸ்வரியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இழுத்தாள். நூல் மொத்தமும் சரசரவென்று அவிழ்ந்து அவள் கையோடு வந்தது. கதவு அப்படியே இருந்தது.

என்ன நடந்தது தெரியுமா? நான் இருபது வருஷம் ஏலக்காய்க் கடையில் இருந்தவன். காய் மூட்டையின் வாயை நாங்கள் ஒரு மாதிரி கட்டுவோம். ஏலம் விடும்போது பிரித்துக் காட்ட வேண்டுமல்லவா? நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் முழுவதும் பிரிந்துவிட வேண்டும். என் விரல்களுக்குத் தெரிந்த ஒரே முடிச்சு அதுதான். அதைத்தான் போட்டிருக்கிறேன்!

ஈஸ்வரி நூலைப் பிடித்தபடி விழுந்து விழுந்து சிரித்தாள். "கடையில வேல பாத்த கையி! அவுக்கிறதுக்குன்னே முடிச்சுப் போடுது!"

உள்ளே மாட்டிக்கொண்டு சிரித்தவளை நான்தான் சுற்றிப் போய்த் திறந்துவிட்டேன்.

சுருளிவேலிடம் நான் போனது கைப்பிடிக்காக அல்ல. சுருளிவேல் சிலமலைக்காரன். போடியில் சின்னதாகக் கடை வைத்து, மருந்தடிக்கும் மிஷின்களைப் பழுது பார்க்கிறான். முதுகில் மாட்டிக்கொண்டு ஏலச்செடிக்கு மருந்தடிப்பார்களே, அந்த மிஷின். எங்கள் தோட்டத்து மிஷின் அவனிடம் கிடந்தது. கேட்டுவரப் போனேன். ஈயம் பற்றவைக்கும் கருவியின் சூட்டு முனையால் ஒரு டேங்கின் விரிசலை உருக்கி உருக்கி மூடிக்கொண்டிருந்தான். பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது.

"இந்தச் சோலியும் பாப்பியா சுருளி?" என்று காரில் உடைந்த கைப்பிடியைக் காட்டினேன்.

"பிளாஸ்டிக்குதானண்ணே? முதுகுல வெசத்தச் சொமக்குற ஆளே என்னைய நம்புறான். ஒங்க கதவு நம்பாதா? கொண்டாங்க."

இரண்டு திருகாணிகளைக் கழற்றி, கைப்பிடியை வெளியே எடுத்தான். துடைத்தான். வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"யாருண்ணே இத ஒடச்சது?"

"யாரு ஒடைக்கப் போறா? பழசு. தொறந்து தொறந்து போயிருச்சு."

"தொறந்து ஒடஞ்சதில்ல இது." உடைந்த இடத்தைக் காட்டினான். கறுப்புப் பிளாஸ்டிக்கில் அடிப்பக்கம் மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தது. "தொறக்கிற கை தன் பக்கமா இழுக்கும். இது கீழ அமுங்கி அமுங்கி வெளுத்திருக்கு. மருந்து மிஷின எறக்கி வைக்கையில லிவரப் பிடிச்சு ஊண்டுவாய்ங்க, அதுவும் இப்படித்தான் வெளுக்கும். எம்புட்டுச் சொன்னாலும் கேக்க மாட்டாய்ங்க. அண்ணே, இதப் பிடிச்சு யாரோ ஊண்டி எந்திரிக்கிறாக. அந்தப் பக்கம் யாரு உக்காருவா?"

"ஒன் மதினிதான்."

"மதினிக்கு முட்டி வலியா?"

"சேச்சே, அப்படியெல்லாம் ஒண்ணும்..." என்று ஆரம்பித்தேன். அதோடு நின்றது.

செக்போஸ்ட்டில் அவள் ஏன் டிரைவர் சீட்டைத் தாண்டி வரவில்லை? கியரையும் ஹேண்ட் பிரேக்கையும் தாண்டக் காலை மடக்க வேண்டும். கோயிலில் படி வந்தால், "நீங்க போயிட்டு வாங்க, நான் செருப்பப் பாத்துக்கிறேன்" என்கிறாளே, என்றைக்கிலிருந்து? வண்டி நின்றதும் உடனே இறங்காமல் மடியில் இருக்கும் பையையே தேடுகிறாளே, எதற்கு?

ஆறு மாதமாவது இருக்கும். நான் பக்கத்து சீட்டில்தான் இருந்தேன்.

ஏன் மறைத்தாள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முட்டி என்று வாயைத் திறந்தால் மகள் அன்றைக்கே குத்தகைக்கு ஆள் பார்க்கச் சொல்வாள். அவள் கேட்டால் நானும் தலையாட்டிவிடுவேன் என்று ஈஸ்வரிக்குத் தெரியும். நான்தானே எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவன்! வாரத்தில் ஒரு நாள், அந்த இரண்டு ஏக்கரில், அவள் சொன்னதுதான் சட்டம். அதைக் காப்பாற்றத்தான் வலியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

சுருளி அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டான். உங்களில் யாருக்காவது பயன்படும், சொல்கிறேன். காருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் துண்டுகளின் பின்பக்கம் சின்ன ஆங்கில எழுத்துகள் இருக்கும். அது என்ன வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லும். அதே வகைதான் அதோடு ஒட்டும். சுருளி ஒரு பழைய ஹெல்மெட்டின் ஓட்டிலிருந்து நறுக்கிய கீற்றை எடுத்தான். அதே எழுத்து! உடைந்த இரண்டு பாகங்களையும் சேர்த்து, ஸ்டேப்ளர் பின்களைச் சூட்டில் குறுக்கே புதைத்தான். எலும்புக்குக் கம்பி வைப்பது போல. அதன் மேல் ஹெல்மெட் கீற்றை உருக்கிப் பூசினான். கைப்பிடி அசையும் அச்சும் முறிந்திருந்தது. அதற்குச் சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பியில் ஒரு துண்டு. விரலையும் சேர்த்து ஒட்டிவிடுமே, சின்ன டியூப் பசை, அதை மட்டும் நம்பாதீர்கள். நான் அதையும் முயன்று பார்த்தவன்தான். விரல் ஒட்டியது.

மாட்டினான். இழுத்தான். 'டக்'. கதவு திறந்தது.

"இது நிக்கும்ணே. ஆனா எந்திரிக்க வேற பிடிமானம் குடுக்கலைன்னா மதினி இதையும் ஒடச்சுப்புடுவாக." காருக்குள் தலையை விட்டு மேலே பார்த்தான். எங்கள் கார் விலை குறைந்த மாடல். மேலே பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது; அது வர வேண்டிய இடத்தில் இரண்டு சின்ன மூடிகள் மட்டும் இருக்கும். நெம்பினான். உள்ளே திருகாணி ஓட்டை தயாராக இருந்தது. மருந்து மிஷினின் தோள் வார் ஒன்றை வெட்டி, மடித்துத் தைத்து, அங்கே முடுக்கிவிட்டான். தொங்கியும் காட்டினான்.

ஷோரூம் தம்பி என்னிடம் நாலைந்து கேள்வி கேட்டார். என்ன மாடல், எந்த வருஷம், என்ன கலர். எல்லாம் சரியான கேள்விகள்தான். எப்படி உடைந்தது என்று கேட்கவில்லை. புதிது கொடுப்பவருக்கு அந்தக் கேள்வி எதற்கு? அவர் மேல் எனக்குக் குறையில்லை. அந்தக் கேள்வியை நானே கேட்கவில்லையே!

புதன்கிழமை வந்தது. காரில் ஏறும்போதே ஈஸ்வரி கண்ணில் வார் பட்டது.

"இது என்ன?"

"வளைவுல பிடிச்சுக்க."

எந்த வளைவிலும் அவள் அதைத் தொடவில்லை. தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்தினேன். நான் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தேன். 'டக்' என்று கதவு திறந்தது. காலை வெளியே வைத்தாள். பையைத் தேடினாள். கை பழக்கத்தில் கைப்பிடிக்குப் போனது, நின்றது, மேலே போய் வாரைப் பிடித்தது. எழுந்துவிட்டாள்.

எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"யாரு சொன்னா?"

"சுருளி."

"சுருளிக்கு யாரு சொன்னா?"

"கைப்பிடி."

தோட்டத்துக்குள் யாரோ தகர டப்பாவை உருட்டும் சத்தம் மட்டும் வந்தது.

"மக கிட்டச் சொல்லிட்டீகளா?"

முப்பது வருஷத்தில் அவள் அப்படித் தணிந்த குரலில் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"இன்னும் இல்ல."

"இன்னும்னா?"

"டாக்டரப் பாத்துட்டு ரெண்டு பேரும் சேந்து சொல்லுவோம். முட்டியப் பத்தி மட்டும். தோட்டத்தப் பத்தி அவ பேசுனா, போன ஒன்கிட்டத் தரமாட்டேன். நானே பேசிக்கிறேன்."

திரும்பிப் பார்த்தாள். "தலையாட்டாமப் பேசணும்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

டாக்டரைப் பார்த்தோம். காலைக்கு ஒரு பயிற்சி, மாலைக்கு ஒரு பயிற்சி, சரிவில் இறங்கும்போது கையில் ஒரு கம்பு. மலைக்கே போகக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதை இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டது நான்தான். மகளிடமும் சொன்னோம். அவள் கத்தியதெல்லாம் என்னிடம்தான். "பக்கத்துலயே இருந்துட்டு ஒங்களுக்குத் தெரியலையாப்பா?" நியாயமான கேள்வி. குத்தகைப் பேச்சும் வந்தது. தலையாட்டாமல் பேசினேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்பது வேறு விஷயம்.

போன புதன், தோட்டத்தில் காய் எடுக்கும் அன்னம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு கீழே வந்தோம். கேரளப் பக்கத்துப் பெண். பாதித் தமிழ், பாதி மலையாளம். முன் சீட்டு வாரை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது கொள்ளாமே சேச்சி!" என்றாள். நன்றாயிருக்கிறதே என்று அர்த்தம். ஈஸ்வரி உடனே என் பக்கம் திரும்பினாள். "பின் சீட்டுக்கும் ரெண்டு வைக்கச் சொல்லுங்க. இவளுக்கும் முட்டிதான். இங்க வர்ற பொம்பளைக பூராத்துக்கும் முட்டிதான். வெரசாச் செய்யச் சொல்லுங்க."

செய்தாயிற்று. இப்போது எங்கள் காரில் நான்கு வார்கள் தொங்குகின்றன.

நாலாவது டிரைவர் சீட்டுப் பக்கம். அது யாருக்கு என்று ஈஸ்வரி இன்னும் கேட்கவில்லை... நீங்களும் கேட்காதீர்கள்.