குவாண்டம் கோல்

குவாண்டம் என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைக் கற்பித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். வகுப்பில் மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து பரீட்சைத் தாளில் கக்கிவிட்டுப் போகிறார்கள். அப்புத்தளை பஸ்ஸில் ஓடிய ஒரு படத்தில் கதாநாயகன் அதைச் சொல்லிக்கொண்டே மோட்டார் சைக்கிளில் கருந்துளைக்குள் போய், சட்டைகூடக் கசங்காமல் திரும்பி வந்தான். பஸ்ஸே கைதட்டியது. இந்தச் சனத்துக்குப் பௌதிகவியல் எதற்கு என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

படித்தவர்கள் மட்டும் உசத்தியா? நான் வேலை செய்த ஒரு பல்கலைக்கழகத் துறையில் புதிதாக வந்த கருவிக்கு மின்சாரம் கொடுக்க நல்ல நேரம் பார்த்தார்கள். சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போனது. அடுத்த நல்ல நேரம் வரும்வரை கருவியைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர்களில் இருவர் என் பதவி உயர்வைத் தீர்மானிக்கும் குழுவில் இருந்தார்கள்.

இப்படி எல்லோரையும் இளக்காரமாகப் பார்க்கிற நான், பதுளையில் ஒரு மன்றம் பாராட்டு விழா என்று அழைத்ததும் சட்டையை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு போய்விட்டேன். அறிவிப்பாளர் நான் அணுவைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். சபையில் யாரும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். முன்பின் தெரியாத ஆட்கள் வரிசையாக வந்து என் தோளை உரசிக்கொண்டு நின்றார்கள். படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன்.

சில மாதங்கள் கழித்து அக்காவைப் பார்க்க ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குப் போனேன். நாங்கள் பிறந்து வளர்ந்த அதே லய வரிசையில், அதே ஒற்றை அறைக் காம்பராவில்தான் அவள் இன்னும் இருக்கிறாள். தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள், சீனி வருத்தக்காரி. கல் குத்திய கால்விரல் ஆறாமல் வீங்கியிருந்தது. சுற்றியிருந்த துணியில் சீழ் பட்டிருந்தது. நீரிழிவு மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். அதை நிறுத்திவிட்டாளாம், இப்போது தேவையில்லையாம்.

தண்ணீர்ப் பானைக்குள் ஒரு பளபளக்கும் குச்சி கிடந்தது. சுவரில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், ஒரு துண்டுப் பிரசுரம் ஒட்டியிருந்தது. சீனி, மூட்டுவலி, இரத்த அழுத்தம் அனைத்தையும் தீர்க்கும் குவாண்டம் கோல். அதன் கீழே பொன்னாடையோடு நான், என் பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவன். பேராசிரியரின் பாராட்டைப் பெற்றது என்றும் அச்சடித்திருந்தார்கள்.

அந்த ஆள் லயத்துக்கே வந்தானாம். ஒரு கிளாஸ் பீலித் தண்ணீர் கேட்டு வாங்கி, அதில் இரண்டு கம்பிகளை விட்டு, வயரைச் சொருகினானாம். மலை ஊற்றிலிருந்து பீலிக் குழாயில் விழுகிற, கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிவிட்டது. அவன் கொண்டுவந்த போத்தல் தண்ணீர் மட்டும் அப்படியே இருந்தது. நீங்கள் குடிப்பது இந்த அழுக்கைத்தான், இந்தக் கோல் தண்ணீரையும் இரத்தத்தையும் சேர்த்துச் சுத்தம் செய்யும் என்றானாம்.

மூன்றாந்தர வித்தை. அந்தக் கம்பிகள் இரும்பு. ஊற்றுத் தண்ணீரில் உப்புகள் இருப்பதால் மின்சாரம் பாயும், இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். சுத்திகரித்த தண்ணீரில் உப்பு இல்லாததால் ஒன்றும் நடக்காது. இதைக் கத்திச் சொன்னேன். மூளை இருக்கிறதா என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்கு அவள் வரமாட்டேன் என்றாள். கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு இரும்பாணி, ஒரு பற்றரி, ஒரு போத்தல் சுத்திகரித்த தண்ணீரோடு போனேன். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடினார்கள். போத்தல் தண்ணீரில் ஆணிகளை விட்டுப் பற்றரியைத் தொடுத்தேன், தெளிவாகவே இருந்தது. ஒரு சிட்டிகை உப்புப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பழுப்பு நுரை கிளம்பியது. நான் வெற்றியோடு நிமிர்ந்தேன்.

"நல்ல தண்ணியில உப்பப் போட்டா கெடாம என்னா செய்யும்?" என்றாள் அக்கா.

பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எத்தனையோ பேருக்குப் பூச்சியம் போட்டவன் நான். அன்றைக்கு அந்த வாசலில் எனக்குப் பூச்சியம். அக்கா சுவரிலிருந்து அந்தப் பிரசுரத்தைப் பிய்த்து எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"அவன் பொய்க்காரன்னா, நீ என்னாத்துக்கு அவன்கூட சிரிச்சிக்கிட்டு நிக்கிற?"

"அவன் யாருன்னே எனக்குத் தெரியாதுக்கா."

அவள் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தெரியாதவன்கிட்ட இப்படிச் சிரிச்சிருக்க. இங்க வந்தா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வையிற. அவன் தரையில உக்காந்து ஒவ்வொண்ணா சொன்னான். உன் சிநேகிதன்னு நம்பிட்டேன்."

அவள் பிரசுரத்தை நடுவில் கிழித்து, கோட்டுக்காரன் இருந்த பாதியை அடுப்பில் போட்டாள். என் பாதியை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். அங்க யாரையும் வையாத."

காலைக் காப்பாற்றினார்கள். ஒரு விரல் போயிற்று. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்றேன். யாரையும் வையவில்லை.

வார்ட்டில் கட்டு மாற்ற வந்த தாதியிடம் அக்கா தன் தம்பி பேராசிரியர் என்று பெருமையடித்தாள். நான் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஆனாலும் அவள் சுருக்குப்பையை அவிழ்த்து அந்தப் பாதிப் படத்தை எடுத்துத்தான் காட்டினாள். தாதி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இவரா?" என்றாள்.

"இவருதாங்க," என்றாள் அக்கா. "படத்துல சிரிக்கிறாரு."