ஒரு விசாவுக்கு இரண்டு ஜெனிபர்

ஃபார்ம் நிரப்பிக் கொடுக்கும் தொழிலுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, எதைப் படித்தாலும் முகத்தில் காட்டாமல் இருக்கத் தெரிய வேண்டும்.

டோல்கேட் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பதினாலு வருஷமாக நான் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர். வெளியே கன்டெய்னர் லாரி போனால் மானிட்டர் தலையாட்டும். போட்டோவில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள், ஓ.டி.பி. வருவதற்குள் நேரம் முடிந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. உங்களிடம் சொன்னால் நம்புவீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சர்வர் வேலை செய்யும் என்பதிலேயே நம்பிக்கை இல்லாதவள் நான்.

ஒட்டிக்கொண்ட காகிதம்

அந்தோணி அண்ணன் மணலியில் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வீடு சடையங்குப்பத்தில். ஒரு திங்கட்கிழமை காலை பிளாஸ்டிக் கவரோடு வந்தார். அவர் மகள் ஜெனிபர் ஆஸ்திரேலியாவில் லேப் படிப்பு படித்து முடித்திருந்தாள். படிப்பை முடித்தவர்கள் சில வருஷம் அங்கேயே வேலை பார்க்க ஒரு விசா இருக்கிறது. அதற்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள். ஒரு ஆஸ்பத்திரி லேபில் அவளுக்கு வேலையும் தயாராக இருந்தது. நடுவில் விசா ஆபீஸிலிருந்து ஒரு மெயில்: பிறப்புச் சான்றிதழும் குடும்ப விவரப் படிவமும் இருபத்தெட்டு நாளுக்குள் வேண்டும். கொடுக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

கவரில் இருந்த சான்றிதழ் வெள்ளத்தில் நனைந்து காய்ந்தது. சடையங்குப்பத்துக் காகிதம் எல்லாமே அப்படித்தான் வரும், சேற்றுக்கறையும் தகரப்பெட்டி வாசனையுமாக. தடவிப் பார்த்தேன், ஒன்று இல்லை, இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தன. பக்கத்து டீக்கடை பாய்லரில் ஆவி காட்டி மெதுவாகப் பிரித்தேன். மேலே இருந்தது ஜெனிபரின் பிறப்புச் சான்றிதழ். அடியில் இருந்ததிலும் அதே பெயர், அதே அப்பா, அதே அம்மா. ஆனால் அது இறப்புச் சான்றிதழ். வயது பதினொரு மாதம் என்று போட்டிருந்தது. அதன் மை பிறப்புச் சான்றிதழின் முதுகில் ஏறி, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம் மாறித் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் போனில் வீடியோ கால். திரையில் ஜெனிபர். "வணக்கம்க்கா" என்று கையை ஆட்டினாள். கையிலிருந்த தாளைச் சட்டென்று கவிழ்த்து வைத்தேன். அண்ணன் பேசி முடித்து போனை வைத்துவிட்டு, கவிழ்ந்த தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்: "அது பெரியவ, இது சின்னவ. பேரு ஒண்ணு, அவ்ளோதான். நீ பொறந்தத மட்டும் ஸ்கேன் பண்ணும்மா."

உடன்பிறந்தவர் விவரம்

ஸ்கேன் பண்ணினேன், ஆனால் அன்று அனுப்பவில்லை. குடும்ப விவரப் படிவம் பாக்கி இருந்தது. அதற்கு மறுநாள் ஜெனிபரின் அம்மா ஸ்டெல்லா அக்கா வந்தார். இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை. விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தது. கதை அவர் வாயிலிருந்துதான் வந்தது.

முதல் பெண் பிறந்ததும் வேளாங்கண்ணியில் வைத்து ஆரோக்கிய ஜெனிபர் என்று பெயர் நேர்ந்துகொண்டார்கள். பதினொரு மாதத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டது. அப்போது அக்கா வயிற்றில் ஐந்து மாதம். அடுத்ததும் பெண். நேர்ந்த பெயரை மாதாவிடமிருந்து திருப்பி வாங்க முடியாது என்று அதே பெயரை இவளுக்கும் வைத்துவிட்டார்கள். இவள் பிறந்தது காத்திவாக்கத்தில் அக்காவின் அம்மா வீட்டில், விடாத மழையில், ஒரு மருத்துவச்சி கையில். யாரும் போய்ப் பதியவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது காகிதம் கேட்டார்கள். வீட்டில் இருந்த ஒரே காகிதம் பெரியவளுடையது. பெயர் சரி, அப்பா பெயர் சரி, அம்மா பெயர் சரி. ஒன்றேகால் வயதுதான் கூட. கொடுத்துவிட்டார்கள். பத்தாம் வகுப்பு சர்ட்டிபிகேட், பாஸ்போர்ட், விசா எல்லாம் அந்தத் தேதியிலேயே வளர்ந்தன.

படிவத்தில், உயிரோடு இல்லாத உடன்பிறந்தவர்களையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். "அப்ப அவளையும் எழுது" என்றார் அக்கா. வேண்டாமே என்று சொல்லிப் பார்த்தேன். பெற்றவளிடம் எவ்வளவுதான் வாதாடுவது? ஜெனிபர் பாஸ்வேர்டு கொடுத்திருந்தாள். பெரியவளின் பெயரையும் பிறந்த தேதியையும் அடித்துச் சேமிக்கப் போனேன். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: இந்த நபர் ஏற்கெனவே இந்த விண்ணப்பத்தில் இருக்கிறார். வெளியே லாரி எதுவும் போகவில்லை, ஆனால் எனக்கு மானிட்டர் ஆடுகிற மாதிரி இருந்தது. அக்கா விடவில்லை, இன்னா போட்டுகீது என்று கேட்டார். தமிழில் சொன்னேன். அந்தச் சிவப்பு வரியை விரலால் தொட்டுக்கொண்டே சொன்னார்: "மிசினுக்கே தெரியுது பாரு, அவ உள்ளதான் கீறான்னு."

சுண்ணாம்பு

இரண்டு நாள் கழித்து மத்தியானம் ஜெனிபர் என் நம்பருக்கே கூப்பிட்டாள். அங்கே பொழுது சாய்ந்திருந்தது. பின்னால் ஜன்னலில் யாருடைய உருவமோ தெரிந்தது. பிறகுதான் அது கண்ணாடியில் விழுந்த அவளுடைய பிம்பம் என்று புரிந்தது. "அப்பா இல்லதானேக்கா?" என்று கேட்டுவிட்டு, படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் பற்றிப் பேசினாள். 'நான் கொடுத்த விவரம் எல்லாம் உண்மை' என்று ஒரு டிக் போட வேண்டும். அதைப் போடக் கை வரவில்லை என்றாள்.

நான் இங்கே நல்லவள் வேஷம் போட விரும்பவில்லை. "பேசாம அனுப்பிடும்மா, அங்க உக்காந்துட்டு யாரு இதெல்லாம் தோண்டப் போறாங்க?" என்றுதான் சொன்னேன். தொழில் புத்தி. உண்மையைச் சொன்னால் விசா போகலாம், வேலை போகலாம், பொய்யான தேதியில் வந்தவள் என்று திருப்பியும் அனுப்பலாம். அதையும் சொன்னேன். அவள் வேறொன்றைச் சொல்ல ஆரம்பித்தாள். காசிமேடு கல்லறையில் ஆரோக்கிய ஜெனிபர் என்று எழுதின ஒரு குட்டிச் சிலுவை இருக்கிறதாம். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அதற்குச் சுண்ணாம்பு அடிப்பது இவள் வேலையாம். எழுத்து கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே அந்தச் சிலுவையில்தானாம். பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டை யாரும் தொடாமல் எடுத்து வைப்பாளாம், அந்தத் தேதி அவளுடையது இல்லையே. "மெல்பர்ன்லயும் வெக்கிறியா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ. வைக்கிறாளாம். காலையில் சில சமயம் தட்டு காலியாக இருக்குமாம், ரூமில் இருக்கும் பெண் தின்றிருப்பாள் என்று நினைத்துக்கொள்வாளாம்.

ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். கடைசியில் அவள் சொன்னாள்: "இத்தினி நாளு அவ பேப்பர்லதான்க்கா நான் வாழ்ந்துகினு கீறேன். ஒரு வாட்டியாவது அவ செத்துட்டான்னு நான் சொல்ல வேணாமா?"

பாதிச் சிலுவை

உண்மையைச் சொல்வது என்று ஜெனிபர் முடிவெடுத்துவிட்டாள். அதற்கும் காகிதம் வேண்டும். இவள் இவள்தான் என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி ஞானஸ்நானப் பதிவேடு. ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்டெல்லா அக்காவோடு நானும் ராயபுரத்துக் கோயில் ஆபீஸுக்குப் போனேன். கடையை மூடிவிட்டு வேலையாக வெளியே போனது அநேகமாக அதுதான் முதல் தடவை.

ஆபீஸ்காரர் பெரிய நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார். முதல் ஜெனிபர் கிடைத்தாள். பெயருக்குப் பக்கத்து மார்ஜினில் சிவப்பு மையில் சின்னச் சிலுவை, இறந்துவிட்டதற்கு அடையாளம். சில பக்கம் தள்ளி இரண்டாவது ஜெனிபர். அவள் பெயருக்குப் பக்கத்திலும் சிவப்பு மை. நேர்க்கோடு மட்டும் இருந்தது. குறுக்குக்கோடு போடவில்லை.

அக்கா அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பெயர் ஒன்றாக இருப்பதால் யாரோ தப்பான பக்கத்தில் ஆரம்பித்து நிறுத்தியிருப்பார்கள் என்று நான் சமாதானம் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன், ஆனால் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஆபீஸ்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு இரண்டு பேருக்கும் சான்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, நோட்டைப் பட்டென்று மூடினார்: "சீக்கிரமா கொண்டும்போய் அனுப்பிடுங்கம்மா. பாதியில நிக்கறத யாராவது பாத்தா முடிச்சு வெச்சிடுவாங்க."

மற்றவை

கெடு முடிய ஒரு நாள் இருந்தபோது அனுப்பினோம். சிவப்பு வரியோடே ஏற்றுக்கொள்ளப்பட்ட குடும்ப விவரப் படிவம், ஜெனிபர் எழுதின கடிதம், ஞானஸ்நானச் சான்று இரண்டு, பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ். ஒவ்வொரு தாளையும் ஏற்றும்போது அது என்ன வகை என்று பட்டியலில் காட்ட வேண்டும். கல்வி இருந்தது, திருமணம் இருந்தது, காவல்துறைச் சான்று இருந்தது. விண்ணப்பதாரர் பெயரிலேயே ஒரு இறப்புச் சான்றிதழ் வரும் என்று அந்தப் பட்டியலைப் போட்டவர் யோசிக்கவில்லை. 'மற்றவை' என்பதில் போட்டேன்.

அந்தோணி அண்ணன் ஸ்டூலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மகளோடு நாலு நாளாகப் பேச்சில்லை. நல்லா கீற புள்ளைய இப்பிடி பேஜாருல மாட்டிவுட்டீங்களே என்று என் மேலும் கோபம். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. ஒரு பெண்ணைப் புதைத்தவர், இன்னொருத்தியைக் கரை சேர்க்கிற நேரத்தில் எல்லாம் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தார். பச்சை நிறத்தில் டிக் விழுந்ததும், முடிந்தது அண்ணே என்றேன். திரும்பாமலே கேட்டார்: "ரெண்டு பேர்ல எவள திருப்பி அனுப்புவான்?"

ஒரே ஒரு காப்பி

அப்புறம் வாரக்கணக்காக ஒன்றும் வரவில்லை. கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அந்த விண்ணப்பத்தைத் திறந்து பார்ப்பேன். 'பரிசீலனையில்' என்று இருக்கும். உடன்பிறந்தவர் கட்டத்தில் சிவப்பு எழுத்து அப்படியே நிற்கும். எத்தனையோ பேருக்கு எவ்வளவோ அனுப்பியிருக்கிறேன், எதற்கும் இப்படித் தூக்கம் கெட்டதில்லை. நான் கொடுத்த யோசனையைக் கேட்டிருந்தால் இந்நேரம் அவள் வேலையில் சேர்ந்திருப்பாளோ என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

ஒரு நாள் காலை ஷட்டரை முழுசாகத் தூக்கக்கூட இல்லை, ஸ்டெல்லா அக்கா நின்றுகொண்டிருந்தார். பையில் மெழுகுவத்தி பாக்கெட்டும் சாமந்திப் பூவும். அன்று கல்லறைத் திருநாள். "விசா வந்துட்சாம் யம்மா. அவங்கப்பாவுக்கு போன் பண்ணி அழுதுகினே சொன்னா" என்று, மகள் அனுப்பின விசாக் கடிதத்தைத் திறந்து போனை நீட்டினார். விசா கிடைத்துவிட்டது. பாஸ்போர்ட்டில் தேதியைத் திருத்தி அந்த விவரத்தை அனுப்ப வேண்டும், அதுவரை பழைய தேதியிலேயே விசா செல்லும் என்று கீழே எழுதியிருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை. அந்த ஒரு நாள் மட்டும் தொழில் விதியை மீறினேன்.

கல்லறைக்கு எடுத்துப் போய்க் காட்ட ஒரு காப்பி வேண்டும் என்றார். எண்ணிக்கை ஒன்று என்று பார்த்துத்தான் பொத்தானை அழுத்தினேன். தாள் வந்தது. எடுத்துக் கொடுத்தேன். பிரிண்டர் நிற்கவில்லை. இன்னொன்று வந்தது. முந்தின ஆள் இரண்டு காப்பி கேட்டிருப்பார், அது மெஷினிலேயே நின்றிருக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, அன்றைக்கு முதல் ஆளே அக்காதான், மெஷினை அப்போதுதான் போட்டேன். இரண்டு தாளிலும் விசா சின்னவளுடையது, தேதி பெரியவளுடையது. வீண் தாள் என்று இரண்டாவதைக் கசக்கப் போனேன். ஊறி வெளுத்த விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன.

"கசக்காத யம்மா. அத்த நான் அவகிட்ட குட்துட்றேன்."

பதினாலு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: 'விண்ணப்பதாரர் பெயர்' என்ற முதல் கட்டத்தை நிரப்புவதற்கு முன்னால் எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரு ஆள்தானா என்று எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது.