வாசலில் ஒரு கவர்னர் ஜெனரல்

ஊரப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கியபோது பிளாக்கின் பெயரை யார் பார்த்தார்கள்? தண்ணீர் வருமா, மழைக்கு மூழ்குமா, ஸ்டேஷனுக்கு நடந்து போக முடியுமா, இவ்வளவுதான் எங்கள் கவலை. கட்டியவர் ஒரு கெத்துக்காக எல்லா பிளாக்குகளுக்கும் வெள்ளைக்கார துரைகளின் பெயரை வைத்திருந்தார். எங்களுடையதற்கு ஒரு கவர்னர் ஜெனரல். இன்றைக்கு அது வெறும் பி பிளாக். பழைய பெயரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

எங்கள் மகள் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் தத்தெடுத்தோம். அது அவளுக்கும் தெரியும், அக்கம்பக்கத்துக்கும் தெரியும். ஒருநாள் பள்ளிவிட்டு வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றாமல், "அம்மா, நம்ம பிளாக் ஆளு என்ன பண்ணாரு தெரியுமா?" என்றாள். ராஜாவுக்குச் சொந்தப் பிள்ளை இல்லையா, தத்துப்பிள்ளை வாரிசாக முடியாது என்று சொல்லி, ராஜ்ஜியம் ராஜ்ஜியமாகக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு சேர்த்துக்கொண்டவர் அவர். நானும் படித்ததுதான், பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டது.

"அப்போ நான் உனக்கு யாரும் இல்லையா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அந்தப் பெயர் எங்கள் வாசலில் இருக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஃபிளாட் உரிமையாளர் சங்கச் செயலாளரிடம் போனேன். இந்த இடம் முழுக்க அவர் குடும்பம் ஒரு காலத்தில் பயிர் வைத்த நிலம். நல்ல மனிதர், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். நானும் அப்படித்தான்.

"இன்னா மேடம், செத்துப்போன வெள்ளைக்காரன்கிட்ட சண்ட போட்டுகினு கீறீங்க! ரயிலு வுட்டதே அவருதான்னு நெட்ல போட்டுகீது. அந்த ரயில்லதான நீங்க தாம்பரம் போய் வர்றீங்க?"

"உங்க நிலத்தைப் பிடுங்கிக்கிட்டு வாசல்ல ரயில் விட்டா தேங்க்ஸ் சொல்லுவீங்களாண்ணா?"

காதைச் சொறிந்தார். மீட்டிங்கில் வைக்கலாம் என்றார்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரே ரகளை. ஆதாரில் மாற்ற வேண்டும், கேஸ் புத்தகத்தில் மாற்ற வேண்டும், பார்சல்காரன் வழி தெரியாமல் திண்டாடுவான். சரித்திரத்தை மாற்ற முடியுமா என்று ஒருவர் தத்துவம் பேசினார். சரித்திரத்தை யார் மாற்றச் சொன்னார்கள்? போர்டைத்தான் மாற்றச் சொன்னேன். வீடு வீடாகப் போய்க் காலிங் பெல் அடித்தேன். பாதிப் பேர் காபி கொடுத்தார்கள், வாக்குக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மீட்டிங். எழுந்து பேச ஆரம்பித்ததும் சொல்ல வந்ததெல்லாம் குழம்பிப்போனது. கோபம் தலைக்கேறினால் எனக்குப் பேச்சே வராது. பின்னால் ஷட்டில் மட்டையோடு நின்றிருந்த மகள், "நான் சொல்றேன்" என்று முன்னால் வந்தாள்.

செயலாளர் கையைக் காட்டித் தடுத்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எந்த மீட்டிங்கிலும் பிள்ளைகளிடமும் குடக்கூலிக்காரர்களிடமும் சொல்வதைத்தான் சொன்னார்.

"பாப்பா, ஓனருங்க பேசணும், இல்லாங்காட்டி அவுங்க வாரிசு பேசணும். அதான் ரூல்."

"நான்தான் அங்கிள் வாரிசு" என்றாள்.

செயலாளர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து அவளுக்கு இடம் விட்டார்.

"பேசும்மா" என்றார்.